நாகலூர்ப் பாயின்டர்களுக்கு வெளியிலிருந்து ஓர் ஆண்

கேள்வி:

ஐயா, ஏற்காடு மலையில் நாகலூர் அருகே எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. என் தாத்தா துரைமார் காலத்தில் எஸ்டேட் ரைட்டராக இருந்தவர். 1958-இல் தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பிய துரை, தம்மிடமிருந்த ஒரு ஜோடி பாயின்டர் நாய்களைத் தாத்தாவிடம் கொடுத்துச் சென்றார். அந்த வழியை இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறோம். வெளி ஆண் சேர்த்தது இரண்டே முறை, கடைசியாக 1996-இல். வேட்டை எங்கள் குடும்பத்தில் நின்று ஐம்பது ஆண்டுகளாகின்றன. ஆனாலும் புதருக்குள் காட்டுக்கோழி இருந்தால் இவை முன்காலைத் தூக்கி ஆணியடித்தாற்போல நிற்கும். பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். இப்போது இருப்பவை இரண்டு ஆண், மூன்று பெண். சென்ற மார்கழியில் நான்கே குட்டிகள் பிறந்தன. ஒன்று இறந்தே பிறந்தது. ஒன்று ஐந்தாம் நாள் போயிற்று. மீதி இரண்டில் ஒன்றுக்குக் காது கேட்கவில்லை, ஆளைக் கண்டால் ஒடுங்குகிறது. வெளி நாயைச் சேர்த்தால் வம்சம் கலப்பாகிவிடும் என்று சொல்லி, மூத்த ஆணை அதன் பேத்தியோடு சேர்க்கச் சொல்கிறார் அப்பா. நண்பர்களோ லேப்ரடார், சிப்பிப்பாறை, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெங்களூரில் உறவினர் ஒருவரிடம் பதிவு பெற்ற பாயின்டர் ஆண் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தோடு கட்டம் போட்ட தாளில் தாங்கள் எழுதி அனுப்பிய வம்சாவளியை இரண்டு மாலைப் பொழுதுகள் வைத்துப் பார்த்தேன். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் தன் நாய்களின் பெயரையும் பிறந்த நாளையும் ஈத்துக் கணக்கையும் இப்படி எழுதி வைத்திருப்பதை, சேலத்தில் நான் மருத்துவம் பார்த்த இத்தனை ஆண்டுகளில் கண்டதில்லை. தங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தத் தாளிலேயே இருக்கிறது.

சென்ற ஈத்தின் குட்டிகளுக்கு நான்கு தலைமுறை பின்னோக்கிப் போனால் பெற்றோர் இருவர், அவர்களின் பெற்றோர் நால்வர், பிறகு எண்மர், பிறகு பதினாறு பேர் என்று மொத்தம் 30 இடங்கள் வருகின்றன. அந்த 30 இடங்களிலும் தாங்கள் எழுதியிருக்கும் வெவ்வேறு நாய்களின் பெயர்கள் 11 மட்டுமே. 1996-இல் வந்த ஆணின் மகன் ஒருவனின் பெயர் ஆறு இடங்களில் வருகிறது. அந்த நாய் நல்ல நாய்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. நல்ல நாய் என்பதால்தானே திரும்பத் திரும்ப அதையே சேர்த்தீர்கள். ஆனால் ஒரு நாயின் நல்ல குணத்தை ஆறு வழியாகக் கொண்டுவரும்போது, அதன் உடம்பில் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்த கெட்டதும் அதே ஆறு வழியாக வந்து சேர்கிறது. தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே குறை வந்து ஒரு குட்டியிடம் சந்திக்கும் நாளில்தான் அது வெளியே தெரிகிறது.

இந்தச் சந்திப்புக்கான வாய்ப்பை எண்ணால் அளக்கும் முறையை 1922-இல் சீவால் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் வகுத்துத் தந்தார். அதன்படி உடன்பிறந்தவற்றைச் சேர்த்தாலும், தந்தையை மகளோடு சேர்த்தாலும் பிறக்கும் குட்டிக்கு இந்த எண் 25 விழுக்காடு. தாத்தாவைப் பேத்தியோடு சேர்த்தால் 12.5 விழுக்காடு. நம் பக்கத்தில் அக்காள் மகளைத் தாய்மாமன் மணக்கும் உறவிலும் பிறக்கும் குழந்தைக்கு இதே 12.5 தான், மாமன் மகள், அத்தை மகன் உறவில் 6.25. தங்கள் தந்தையார் சொல்வது 12.5 விழுக்காட்டுச் சேர்க்கை என்று மேலோட்டமாகத் தோன்றும். உண்மையில் அப்படியன்று. அந்த எண், தாத்தாவும் பேத்தியும் வேறெந்த வழியிலும் உறவினர் அல்லர் என்று வைத்துக்கொண்டு போடப்படும் கணக்கு. தங்கள் மூத்த ஆணும் அதன் பேத்தியும் வேறு நான்கு வழிகளிலும் உறவு. ஆகவே பிறக்கப்போகும் குட்டியின் எண் அதற்கு வெகு மேலே போய்விடும். இந்தச் சேர்க்கையைச் செய்ய வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆயினும் சென்ற ஈத்தில் நேர்ந்த எல்லாவற்றையும் நெருங்கிய உறவின் தலையில் இப்போதே கட்டிவிடுவது மருத்துவருக்கு அழகன்று. இறந்து பிறக்கும் குட்டிக்கும் முதல் வாரத்தில் போகும் குட்டிக்கும் வேறு காரணங்கள் உண்டு. புரூசெல்லா கேனிஸ் என்ற கிருமி நாய்களில் கருச்சிதைவையும் செத்துப் பிறக்கும் குட்டிகளையும் உண்டாக்கும், இணை சேரும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும், மனிதரையும் தொற்றக்கூடியது. ஆகவே ஐந்து நாய்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் சேர்த்தே பாருங்கள். மலையில் உண்ணி குறைவு என்று பலரும் நம்புகிறார்கள், நான் நம்புவதில்லை. அடுத்து, ஈத்து மார்கழியில் நடந்திருக்கிறது. பிறந்து முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. ஏற்காட்டு மார்கழி இரவில் சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கை மட்டும் விரித்திருந்தால், எவ்வளவு நல்ல வழியில் பிறந்த குட்டியும் குளிரில் போய்விடும். எந்த இடத்தில் ஈன்றது என்று தாங்கள் எழுதவில்லை. அதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், தாளின் ஓரத்தில் தாங்கள் குறித்திருக்கும் ஈத்துக் கணக்கு என்னை உறுத்துகிறது. கடைசி ஐந்து ஈத்துகளில் 8, 7, 7, 5, 4 என்று குட்டிகள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. தாய் வேறு, ஆண்டு வேறு, ஈன்ற மாதம் வேறு. இறங்குமுகம் மட்டும் மாறவில்லை. நெருங்கிய உறவுக்குள் தொடர்ந்து சேர்க்கும்போது உயிர்கள் முதலில் இழப்பது அழகையோ மோப்பத்தையோ அல்ல. கரு தங்குவதையும் குட்டி பிழைப்பதையும் நோயை எதிர்ப்பதையும்தான் முதலில் இழக்கின்றன. இதனால்தான் வளர்ப்பவர் ஏமாந்துபோகிறார். கண்ணெதிரே நிற்கும் நாய் தாத்தா காலத்து நாயைப் போலவே கம்பீரமாக நிற்கிறது. பிறக்காமல் போன குட்டிகள் அவர் கண்ணில் படுவதில்லை.

காது கேளாத குட்டியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய ஆராய்ச்சி நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில், சென்ற நூற்றாண்டில், பாயின்டர் நாய்களையே இரண்டு கிளைகளாகப் பிரித்து வளர்த்தார்கள். இயல்பான நாய்களை இயல்பானவற்றோடும், மனிதரைக் கண்டால் உறைந்து நடுங்கும் நாய்களை நடுங்குபவற்றோடும் சேர்த்துக்கொண்டே போனார்கள். மிரட்சி ஒரு வழியில் தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் என்பது அதில் உறுதியாயிற்று. மிரண்ட கிளையில் பல நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்பது பின்னால்தான் தெரியவந்தது. தங்கள் குட்டி ஒடுங்குவதற்குக் காது கேளாமை மட்டுமே காரணமா, தனியாகவும் ஒரு மிரட்சி வந்திருக்கிறதா என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல இயலாது. ஆனால் அந்தக் குட்டியைப் பெற்ற தாயையும் தந்தையையும் மறுபடி ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அதன் உடன்பிறப்புக்கும் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் கழிந்த பின், குட்டி தூங்கும்போது அதன் பார்வையிலோ காற்றோட்டத்திலோ படாமல் பின்னாலிருந்து தட்டை ஒலிக்கச் செய்து பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடியது. ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்குக் கருவி வைத்துச் செய்யும் சோதனைதான் வழி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்தால் எங்கே செய்யலாம் என்று வழிகாட்டுவார்கள்.

இனி, தங்கள் தந்தையாரின் கவலைக்கு வருகிறேன். அதை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். அதில் பெரிய உண்மை இருக்கிறது. இந்த மலையில் துரைமார் விட்டுப்போன செட்டர், ஸ்பேனியல், பாயின்டர் என்ற பறவை வேட்டை நாய் வழிகள் எத்தனையோ இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நெருங்கிய உறவில் சேர்த்ததால் அழியவில்லை. கண்டதோடும் சேரவிட்டதால் கரைந்து போயின. ஒரு தோட்டத்தில் நானே பார்த்திருக்கிறேன். நல்ல பாயின்டர் பெண்ணுக்கு லேப்ரடாரைச் சேர்த்தார்கள். முதல் ஈத்தில் ஒன்பது குட்டிகள், ஒவ்வொன்றும் கல்லைப்போல உறுதி, எல்லாரும் மகிழ்ந்தார்கள். அந்தக் குட்டிகளையே தமக்குள் சேர்த்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஒன்று பறவையைக் கண்டதும் நிற்காமல் பாய்ந்தது, ஒன்று நின்றது, ஒன்று எதையும் கவனியாமல் தண்ணீரில் போய் விழுந்தது. உருவமும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பத்தே ஆண்டுகளில் அந்தத் தோட்டத்தில் பாயின்டர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. முதல் தலைமுறைக் கலப்பின் வலிமையை நம்பி முடிவெடுப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் தவறுகிறார்கள். இரண்டாம் தலைமுறையில் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல எல்லாம் சிதறும். பறவையின் மணம் பட்டதும் அசையாமல் நிற்கும் குணம் ஒற்றை மரபணுவால் வருவதன்று. பல சேர்ந்து அமைந்தது. பல சேர்ந்து அமைந்ததைச் சிதறவிட்டால் மறுபடி கூட்டுவது ஓர் ஆயுளுக்குள் முடிகிற வேலையன்று.

ஆகவே தந்தையார் அஞ்சுவது சரி. ஆனால் அவர் ஒரே சொல்லால் குறிப்பிடும் இரண்டு செயல்கள் வேறு வேறு. வேற்றின நாயைச் சேர்ப்பது ஒன்று; அதே இனத்தில் உறவில்லாத நாயைச் சேர்ப்பது மற்றொன்று. இந்த வேறுபாட்டைச் சேலம் மாவட்டத்து ஆட்டுக்காரர் எவரிடமும் விளக்க வேண்டியதில்லை. மேச்சேரி ஆடு வளர்ப்பவர் தம் பட்டியில் பிறந்த கிடாயையே அதன் தாய்க்கும் தங்கைக்கும் விட்டுக்கொண்டிருந்தால் குட்டி சிறுக்கும், சாகும் என்று அறிவார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாயை மாற்றிவிடுவார். மாற்றும்போது எந்தக் கிடாயைக் கொண்டுவருகிறார்? வேறொரு பட்டியின் மேச்சேரிக் கிடாயைத்தான். அந்தச் செந்நிற ஆடு மேச்சேரி ஆடாகவே நிற்பது, கிடாயை மாற்றியதால் கெடவில்லை, மாற்றியதால்தான் நின்றது. தந்தையாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லும் கணக்கைவிட இது அவருக்கு விளங்கும்.

மாமரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். சேலத்து மல்கோவாவை ஒட்டுக் கட்டி, ஒரே மரத்தை மாற்றமில்லாமல் நூறாண்டு கொண்டுபோகலாம். நாய்க்கு ஒட்டு இல்லை. ஒவ்வொரு ஈத்திலும் தாயின் பாதியும் தந்தையின் பாதியும் மட்டுமே குட்டிக்குப் போகின்றன. மீதிப் பாதி அந்த நாயோடு மண்ணுக்குள் போய்விடுகிறது. ஐந்து நாய்களே உள்ள கூட்டத்தில் இப்படித் தலைமுறைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துகொண்டே இருக்கும். எதையும் உள்ளே விடாமல் கதவை மூடி வைத்தால் துரை கொடுத்த இரத்தம் அப்படியே இருக்கும் என்பது ஒரு நம்பிக்கைதான். உள்ளே இருப்பது வெளியே போவதை எந்தக் கதவாலும் தடுக்க முடியாது.

தூய்மை என்ற சொல்லையே கொஞ்சம் வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் கென்னல் கிளப் என்ற நாயினப் பதிவுச் சங்கம் தொடங்கியது 1873-இல். அதன் பதிவேடு வந்த பிறகுதான் இன்னது பாயின்டர், இன்னது அன்று என்ற கோடு கறாராக விழுந்தது. அதற்கு முன் பாயின்டருக்கு வேகமும் தளராத ஓட்டமும் வேண்டும் என்று நரிவேட்டை நாயைச் சேர்த்தவர்கள் உண்டு. அதனால் நிற்கும் குணம் கெட்டது என்று அவர்களோடு சண்டையிட்டவர்களும் உண்டு. ஜெர்மானியர் தங்கள் கனத்த பறவை நாய்க்கு நல்ல மோப்பமும் மிடுக்கும் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் பாயின்டரைச் சேர்த்தார்கள். இன்றைய ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் அப்படி வந்ததுதான்.

மூடிய வழிக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு எட்வர்டு லாவெராக் என்பவரின் செட்டர்கள். 1825-இல் போன்டோ, ஓல்டு மால் என்ற ஒரே ஜோடியை வாங்கி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வெளி இரத்தமே சேர்க்காமல் வளர்த்ததாக அவர் எழுதினார். தங்கள் குடும்பக் கதையைப் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. அழகான நாய்களை உண்டாக்கினார் என்பதில் ஐயமில்லை. அவர் எழுதிய வம்சாவளி முழுதும் உண்மைதானா என்ற ஐயம் அவர் காலத்திலேயே எழுந்தது. உள்ளுக்குள் வெளி நாய் வந்திருக்க வேண்டும் என்று பலர் கருதினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது அவருக்குப் பின் நடந்தது. பர்செல் லூவெல்லின் என்பவர் லாவெராக் வழிச் செட்டர்களை எடுத்து, வடக்கு இங்கிலாந்தின் வேலைநாய் வழியொன்றோடு சேர்த்தார். அமெரிக்காவின் களப்போட்டிகளில் பெயர் வாங்கியவை அந்தச் சேர்க்கையில் வந்த நாய்கள். லாவெராக் ஐம்பது ஆண்டு திரட்டி வைத்ததுதான் லூவெல்லினுக்கு முதலாக இருந்தது என்பதையும் மறுக்கக் கூடாது. திரட்டி வைக்காமல் சேர்த்தால் கலப்பு. திரட்டி வைத்துச் சேர்க்காமலே விட்டால் தேக்கம். தங்கள் குடும்பம் முதல் வேலையை நன்றாகவே செய்திருக்கிறது.

அதே அமெரிக்காவில் ஐரிஷ் செட்டர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கண்காட்சிக்காகவே அழகு பார்த்து வளர்த்ததில் அவை பறவை தேடும் திறனை வெகுவாக இழந்திருந்தன. 1950-களில் அதில் அக்கறை கொண்ட சிலர், களநாய்ப் பதிவேட்டின் இசைவோடு, ஆங்கிலச் செட்டர் இரத்தத்தைச் சேர்த்து, பிறகு சிவப்பு நிற ஐரிஷ் செட்டர்களோடு திரும்பத் திரும்பச் சேர்த்து வேலையை மீட்டார்கள். பெங்களூர் நாயைப் பற்றித் தாங்கள் முடிவெடுக்கும்போது இது பயன்படும். பதிவுச் சான்றிதழ் அதன் தாய் தந்தை யார் என்று சொல்லும்; அது பறவை முன் நிற்குமா என்று சொல்லாது.

இன்னும் ஒரு கதை, இதில் பாயின்டரே மருந்தாக வந்தது. டால்மேஷன் நாய்கள் அனைத்திலும் ஒரு குறை நிலைபெற்றுவிட்டிருந்தது. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து, முக்கியமாக ஆண் நாய்களுக்குக் கல் அடைக்கும். இனம் முழுவதிலும் இந்தக் குறையைத் தடுக்கும் நல்ல மரபணு ஒன்றுகூட மிஞ்சாததால், இனத்துக்குள் எவ்வளவு தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் டால்மேஷனோடு பாயின்டரை ஒரே ஒரு முறை சேர்த்தார். பிறகு தலைமுறைதோறும் டால்மேஷனோடு மட்டுமே சேர்த்து, ஒவ்வொரு ஈத்திலும் அமிலம் இயல்பாக உள்ள குட்டியை மட்டும் தேர்ந்து மேலே கொண்டுபோனார். வெளி இரத்தம் பாதி, கால், அரைக்கால் என்று ஒவ்வொரு தலைமுறையும் பாதியாகிக்கொண்டே போகும். பத்தாவது முறை திரும்பச் சேர்க்கும்போது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஆனால் தேர்ந்தெடுத்த அந்த ஒரு நல்ல மரபணு மட்டும் நிலைத்து நிற்கும். 1981-இல் அமெரிக்கப் பதிவுச் சங்கம் இவ்வழியில் வந்த இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. இன ஆர்வலர்கள் எதிர்க்கவே நிறுத்திக்கொண்டது. மறுபடி ஏற்றுக்கொண்டது 2011-இல். இங்கிலாந்தில் 2010-இல் ஏற்றார்கள். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில், இதைத் தவிர்த்திருக்கக்கூடிய எத்தனை நாய்கள் கல்லடைத்துத் துடித்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. காகிதத்தில் தூய்மை காக்கப்பட்டது. நாய்கள் வலியில் கிடந்தன.

ஆனால் டால்மேஷனுக்குத் தேவைப்பட்ட அளவு பெரிய மாற்றம் தங்களுக்குத் தேவையில்லை. தங்கள் வழிக்கு வேண்டியவை எல்லாம் பாயின்டர் இனத்துக்குள்ளேயே வேறிடத்தில் இருக்கின்றன. ஆகவே லேப்ரடார் வேண்டாம். சிப்பிப்பாறை கண்டிப்பாக வேண்டாம். அது கண்ணால் கண்டு துரத்தும் நாய், தங்களுடையது மூக்கால் அறிந்து நிற்கும் நாய். இரண்டையும் சேர்த்தால் இரண்டின் சிறப்பும் கெடும். அதோடு, நம் மண்ணின் நாயினங்களில் நல்ல ஆண்கள் தம் இனத்துக்கே போதாமல் இருக்கும்போது அவற்றை இப்படிச் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு, பாயின்டரே கிடைக்காது என்ற நிலை வந்தால் எண்ணிப் பார்க்க வேண்டியது. இப்போது அந்த நிலை இல்லை.

பெங்களூர் ஆணைப் பயன்படுத்தலாம். அதற்கு முன் நான்கைந்து செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் ஐந்து தலைமுறை வம்சாவளியை வாங்கி, 1996-இல் தாங்கள் சேர்த்த ஆணின் பெயரோ அதன் உடன்பிறப்புகளின் பெயரோ வருகிறதா என்று பாருங்கள். இந்தியாவில் பாயின்டர் வளர்ப்பவர்கள் மிகச் சிலரே, சுற்றிச் சுற்றி அதே நாயிடம் வந்து நிற்கவும் கூடும். அது தன் வழிக்குள்ளேயே நெருக்கமாகப் பிறந்த நாயாக இருந்தாலும் கவலையில்லை. தங்கள் நாய்களோடு உறவில்லை என்றால் பிறக்கும் குட்டிகளுக்கு இந்த நெருக்கம் ஏறக்குறைய இல்லாமற்போகும். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அடுத்து, அது பெற்ற குட்டிகளில் காது கேளாதவை, வலிப்பு வந்தவை உண்டா என்று வாய்திறந்து கேளுங்கள். உறவினர் என்பதால் கூச்சப்பட வேண்டாம். இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். புரூசெல்லா பரிசோதனையும், பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டிக்கான சோதனையும் இரண்டு பக்கமும் முடிந்த பிறகே சேர்க்க வேண்டும். இந்தக் கட்டி நம் ஊரில் தெருநாய்களிடம் மிகுதி; ஒருமுறை வெளியே அவிழ்ந்து ஓடிவிட்டு வந்த நாயாலும் வீட்டுக்குள் வந்துவிடும்.

அந்த ஒரே ஆணை மூன்று பெண்களுக்கும் சேர்த்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த தலைமுறைக் குட்டிகள் எல்லாமே ஒரு தந்தையின் மக்களாகிவிடும். பத்து ஆண்டில் இதே தாளை வேறு பெயர்களோடு எனக்கு மறுபடி அனுப்புவீர்கள். மூத்த பெண்ணுக்கு எட்டு வயதாகிவிட்டது; அதை இனி ஓய்வாக இருக்க விடுங்கள். மற்ற இரண்டில் ஒன்றுக்குப் பெங்களூர் ஆணைச் சேருங்கள். இன்னொன்றுக்கு, அவசரமின்றி, அதோடு உறவில்லாத வேறோர் ஆணைத் தேடுங்கள். மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடக்கும்போது வெளியூர் வளர்ப்பாளர்கள் வருவார்கள். அங்கே பரிசைப் பார்க்காமல், கூட்டத்தின் சத்தத்துக்கு மிரளாமல் தலை நிமிர்ந்து காற்றை மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கும் நாய் எது என்று பாருங்கள்.

பிறக்கும் குட்டிகளில் எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் தங்கள் வழி பிழைப்பதும் அழிவதும் இருக்கிறது. இங்கே தங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுக்கோழியையோ கவுதாரியையோ வேட்டையாடக் கூடாது. விரட்டிச் செல்வதும் வேட்டையில் அடங்கும். அந்தச் சட்டம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆகவே துரை காலத்தில் துப்பாக்கியோடு போய் நாயைச் சோதித்ததைப்போல இப்போது சோதிக்க இயலாது. எட்டாவது வாரத்திலிருந்து, நீண்ட மூங்கில் கழியின் முனையில் கயிறு கட்டி, அதில் பண்ணைக் காடையின் இறக்கை ஒன்றைக் கட்டி, புல்லில் மெல்ல நகர்த்திக் காட்டுங்கள். சில குட்டிகள் பாய்ந்துகொண்டே இருக்கும். சில இரண்டு மூன்று முறை ஏமாந்த பிறகு நின்று உற்றுப் பார்க்கத் தொடங்கும். இது கண்ணால் வரும் நிலைதான், மூக்கால் வருவதன்று. இருந்தாலும் உள்ளே அந்தக் குணம் இருக்கிறதா என்பதைக் காட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த இறக்கையைக் காற்று வரும் திசையில் காப்பிச் செடிக்கடியில் மறைத்து வைத்து, குட்டியை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு குறுக்கே நடத்திப் பாருங்கள். மணம் பட்ட இடத்தில் தலை திரும்பி, நடை தளர்ந்து, நிற்க வேண்டும். தோட்டத்துக்குள் அவிழ்த்துவிட்டுச் சோதிக்காதீர்கள். பறவைகள் அடைகாக்கும் காலத்தில் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இப்படித் தேர்ந்த இரண்டு பெண் குட்டிகள் பருவம் அடைந்ததும், அவற்றைத் தங்கள் வீட்டு இளைய ஆணோடு சேர்க்கலாம். தந்தையாரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து வந்த இரத்தம் அப்போது காலாகிவிடும், வீட்டு வழி முக்கால். நெருக்கமும் முழுதாகத் திரும்பி வராது. வீட்டுப் பெண்ணையும் வீட்டு ஆணையும் நேரே சேர்த்திருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதில் பாதிதான் வரும். அதற்கு அடுத்த தலைமுறையில், இன்னொரு பெண்ணுக்குச் சேர்த்த இரண்டாவது ஆணின் மக்களை உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு கிளைகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு போகும்.

சட்டம் பற்றியும் ஒன்று. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு மாதம் நிறையாத பெண்ணைச் சேர்க்கக் கூடாது. ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. தாங்கள் விற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயினும் வயதும் ஈத்தும் பற்றிய இந்த வரம்புகளை வீட்டிலும் கடைப்பிடியுங்கள். குட்டிகளுக்கு மைக்ரோசிப் போட்டுவிட்டால் தாத்தா எழுதத் தொடங்கிய தாளில் இனி எந்த ஐயமும் நுழையாது.

இரண்டாவது பெண் ஆனியில் பருவத்துக்கு வந்ததாகக் குறித்திருக்கிறீர்கள். அப்படியானால் அடுத்த பருவம் மார்கழி, தை வாக்கில் வரலாம். அதற்குள் இரத்தப் பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். ஈனும் இடத்தில் தரையிலிருந்து உயர்த்திய பலகையும் ஓரத்தில் ஒரு விளக்குச் சூடும் தயாராக இருக்க வேண்டும். சேர்க்க வேண்டிய நாளை, இரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்துக் கணிப்போம். பெங்களூருக்கு வீணாக இரண்டு முறை அலைய வேண்டியிராது.

காது கேளாத குட்டியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அதைக் கருத்தடை செய்து வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து தொடாமல், தரையைக் காலால் தட்டி அதிர்வை உணரச் செய்துவிட்டு அருகே போங்கள். கையசைவுக்கும் டார்ச் வெளிச்சத்துக்கும் இரண்டு மாதத்தில் பழகிவிடும். மலையிலிருந்து இறங்கி வரும்போது அதையும் அழைத்து வாருங்கள். மிரட்சியைப் பற்றி நேரில் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கால்நடை மருத்துவர், சேலம்